பகடை எழுதும் தலையெழுத்து

8, 13, 10, 6, 14, 11.

இதை எழுத உட்காரும் முன் மூன்று பகடைகளை ஆறு தடவை உருட்டினேன். ஒவ்வொரு தடவையும் விழுந்ததைக் கூட்டிக் குறித்துக்கொண்டதுதான் மேலே இருப்பது. வெறும் எண்களாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் முதல் பதிப்புப்படி பார்த்தால் இது ஒரு ஆளின் ஜாதகம். அந்தப் புத்தகம் சொல்லும் வரிசையில் வலு 8, புத்தி 13, விவேகம் 10, உடல்திடம் 6, சுறுசுறுப்பு 14, வசீகரம் 11. பார்த்ததுமே ஆள் லேசாகத் தெரிகிறான் அல்லவா? நோஞ்சான். மூளை உண்டு. கை படு வேகம். மார்கழிப் பனியில் இரண்டு நாள் நடந்தால் காய்ச்சலில் படுத்துவிடுவான்.

இவனை நான் யோசித்து உண்டாக்கவில்லை. தானாக வந்து என் மேஜையில் உட்கார்ந்துகொண்டான். ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் கேரக்டர் உருவாக்குவது பற்றி ஐம்பது வருஷமாக ஓயாமல் நடக்கும் சண்டை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: இப்படித் தானாக வந்து உட்காருபவனை ஏற்றுக்கொண்டு ஆடுவதா, இல்லை நமக்குப் பிடித்தவனை நாமே செதுக்கிக்கொள்வதா?

இந்த விளையாட்டை ஆடிப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் வழியில் வருகிறவர்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு கேரக்டர். 'நான் அந்தக் கதவை உதைக்கிறேன்' என்று நீங்கள் சொல்வீர்கள்; உதை பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். உங்கள் கேரக்டரின் எண்கள் அந்தப் பகடைக்குக் கை கொடுக்கும், அல்லது காலை வாரும். அந்த எண்கள் முதலில் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் இன்றைய விஷயம்.

மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டுவதை ஆட்டக்காரர்கள் '3டி6' என்பார்கள். முதல் எண் எத்தனை பகடை, கடைசி எண் அதற்கு எத்தனை முகம். ஒரு பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. மூன்றை உருட்டிக் கூட்டும்போது அப்படி இல்லை. மொத்தம் 216 விதமாக விழலாம்; அதில் 18 வர ஒரே ஒரு வழிதான், மூன்றிலும் 6. ஆனால் 10 வர 27 வழி, 11 வர இன்னொரு 27. அதனால் கிட்டத்தட்ட பாதித் தடவை 9 முதல் 12 வரைக்குள்தான் விழும். சராசரி 10.5. ஊரில் பெரும்பாலான ஆட்கள் சுமார், மேதையும் மடையனும் அபூர்வம் என்கிற நடப்பை மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் அழகாகக் காட்டிவிடுகின்றன.

சரி, நம்ம நோஞ்சானுக்கு வருவோம்.

1974 புத்தகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. உருட்டுவதுகூட ஆட்டக்காரர் இல்லை, நடுவர், அதாவது கேம் மாஸ்டர். எண்களைக் கையில் வாங்கிய பிறகுதான் ஆட்டக்காரர் தொழிலைத் தேர்ந்தெடுப்பார்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. அவ்வளவுதான், மூன்றே வகை. (திருடன் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தான்.) புத்தி 13 என்பதால் என் ஆள் மந்திரவாதி. அவன் உயிரின் அளவை ஒரு பகடை சொல்லும். உடல்திடம் 6 என்பதால் அதிலும் ஒன்று கழியும். ஆக, உயிர் அதிகபட்சம் 5. கையில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லி முடித்துவிட்டால் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

இதில் பகடையும் இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. பகடை முதலில் பேசியது, நான் அப்புறம் பேசினேன். 'பகடையா, தேர்வா' என்று இரண்டாகப் பிரித்துத்தான் இந்தப் பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கு அந்தப் பிரிவினையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏறக்குறைய எல்லா விளையாட்டிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. யார் முதலில் பேசுகிறார்கள், கடைசி வார்த்தை யாருடையது, பேசியதன் பலனை எத்தனை நாள் சுமக்க வேண்டும் என்று கேட்டால்தான் ஒரு விளையாட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். விவகாரம் முற்றியது அதனால்தான்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய அந்த முதல் பதிப்பில் இந்த எண்கள் பெரிதாக எதையும் செய்யவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வலு 18 உள்ள சண்டைக்காரன் வலு 9 உள்ளவனைவிட ஓங்கி அடிப்பதில்லை. கொஞ்சம் வேகமாக அனுபவம் சேர்ப்பான், அவ்வளவே. சுறுசுறுப்பு அதிகம் என்றால் அம்பு எய்யும்போது ஒரு புள்ளி கூடும். போதாததற்கு, ஒரு கேரக்டரை எழுதிமுடிக்கப் பத்து நிமிஷம் ஆனால் அதிகம். குகைக்குள் போனால் சாவதும் அதே வேகத்தில்தான். ஒருவன் போனால் இன்னொரு தாளை எடு, உருட்டு, வா. இந்த நிலையில் பகடை எவ்வளவு அநியாயம் செய்தாலும் யாருக்கு வலிக்கப்போகிறது?

அடுத்த வருஷமே, 1975-ல், 'கிரேஹாக்' என்ற துணைப் புத்தகம் வந்தது. வலு அதிகமானால் அடியும் அதிகம் என்று விதி மாறியது. 18 விழுந்த சண்டைக்காரன் இன்னொரு தடவை 1 முதல் 100 வரை ஓர் எண்ணை உருட்டி, தன் 18 எப்பேர்ப்பட்ட 18 என்று பார்த்துக்கொள்ளலாம். எண்களுக்குப் பல் முளைத்துவிட்டது. அதே சமயம் ஒரே கேரக்டரை மாதக்கணக்கில் ஆடும் பழக்கமும் வளர்ந்தது. 1978-ல் வந்த 'அட்வான்ஸ்ட்' பதிப்பின் ஆட்டக்காரர் புத்தகத்தில் கைகாக்ஸே எழுதுகிறார்: பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு எண்களாவது 15 அல்லது அதற்கு மேல் இருப்பது அநேகமாக அவசியம். 3டி6-ல் 15 அல்லது அதற்கு மேல் விழுவது 216-ல் 20 தடவை. பத்தில் ஒன்றுகூட இல்லை. விதி கேட்பது ஒன்று, பகடை தருவது வேறொன்று.

அந்தப் பதிப்பின் பாலடின் இன்னும் மோசம். அந்தத் தர்மவீரனாக ஆட வசீகரம் 17 வேண்டும். நேராக உருட்டினால் 54 பேரில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும், மற்ற நிபந்தனைகளைச் சேர்க்காமலே. 'பாலடினாக ஆட ஆசை' என்று ஒரு பையன் வந்தால், 'அதற்கெல்லாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் தம்பி' என்றுதான் பதில் சொல்ல முடியும்.

ஆகவே பகடையின் கூர்மையை மழுக்க ஆரம்பித்தார்கள். 1979-ல் வந்த கேம் மாஸ்டருக்கான புத்தகத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன; அதில் முதலாவதுதான் இன்றுவரை பல மேஜைகளில் ஓடுகிறது. நான்கு பகடையை உருட்டு, இருப்பதில் சின்னதைத் தள்ளிவிடு, மிச்சம் மூன்றைக் கூட்டு. 6, 4, 4, 1 விழுந்தால் அந்த 1-ஐ ஒதுக்கிவிட்டு 14 என்று எழுதிக்கொள்வீர்கள். இப்படி ஆறு எண் சேர்ந்ததும் எது வலுவுக்கு, எது புத்திக்கு என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். சராசரி 10.5-லிருந்து 12-க்குக் கொஞ்சம் மேலே ஏறுகிறது. 18 விழும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது.

சராசரி ஏறியது பெரிய மாற்றம் என்று தோன்றும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 'நீங்களே வைத்துக்கொள்ளலாம்' என்ற சலுகை. முந்தைய முறையில் 14 எங்கே விழுந்தது என்பதுதான் ஆளையே உண்டாக்கியது. நோஞ்சான் உடம்பில் வேகமான கை எப்படி வந்தது என்று நான் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த முறையில் அப்படி யோசிக்க ஏதுமில்லை. மந்திரவாதி வேண்டுமென்றால் பெரிய எண்ணைப் புத்தியில் வைப்பேன், அடுத்ததை உடல்திடத்தில். என் மந்திரவாதியும் உங்கள் மந்திரவாதியும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். பகடையிடமிருந்து எனக்கு ஆச்சரியம் எதுவும் கிடைக்கவில்லை. அது தருவது பணக்காரன், ஏழை என்ற வித்தியாசம் மட்டும். பகடையின் நல்லதைக் கழித்துவிட்டுக் கெட்டதை மட்டும் மிச்சம் வைத்த முறை என்று சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இந்த ஏழை பணக்காரன் வித்தியாசம் மேஜையில் எப்படி இருக்கும்? எங்கள் குழுவில் ஒரு கேம்பெய்ன், அதாவது பல வாரம் தொடரும் ஒரே கதை, தொடங்கியபோது எல்லோரும் இந்த முறையில் உருட்டினோம். ஒருவனுக்கு 17 இரண்டு, 16 ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அதிகபட்சமே 12. அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டோம். நான்காவது செஷனில் பூட்டைத் திறக்கவும் 17-காரன், சுவர் ஏறவும் 17-காரன், காவல்காரனிடம் பேசி மசியவைக்கவும் 17-காரன். 12-காரன் என் பக்கம் சாய்ந்து, "மச்சி, என்னை எதுக்குடா கூப்பிட்டீங்க, தீப்பந்தம் பிடிக்கவா?" என்றான். ஐந்தாவது செஷனுக்கு அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. அப்படித்தான் சொன்னான்.

இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 'பகடை எல்லோருக்கும் பொதுதானே, போகப்போகச் சரியாகிவிடும்' என்பார்கள். சண்டையில் உருட்டும் பகடைக்கு அது உண்மை. ஒரு ராத்திரியில் முப்பது தடவை உருட்டுகிறோம். இந்த அடி தவறினால் அடுத்தது விழும். தாயம் ஆடும்போது அரை மணி நேரம் தாயம் விழாமல் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்திருப்பீர்கள். எரிச்சல்தான், ஆனால் அந்த ஆட்டத்தோடு அது முடிந்தது. கேரக்டர் எண்களை உருட்டுவது ஒரே தடவை. சரியாவதற்கு அடுத்த உருட்டல் கிடையாது. அதுமட்டுமா, அந்த ஒரு உருட்டல் பின்னால் வரும் ஒவ்வொரு உருட்டலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைய 'டி அண்ட் டி' (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விதியில் 12 என்றால் உருட்டியதோடு +1, 16 என்றால் +3. இருபது முகப் பகடையில் அந்த இரண்டு புள்ளி என்பது நூற்றுக்குப் பத்து. நூறு தடவை முயன்றால் பத்துத் தடவை உங்கள் நண்பன் ஜெயிக்குமிடத்தில் நீங்கள் தோற்பீர்கள், அதுவும் வருஷம் முழுக்க.

இதற்கு நேர் எதிரான யோசனையும் சீக்கிரமே வந்துவிட்டது. 1977-ல் ஸ்டீவ் ஜாக்சன் எழுதிய 'மெலே' என்ற சின்ன வாள்சண்டை விளையாட்டில் இரண்டே எண்கள், வலுவும் சுறுசுறுப்பும். இரண்டும் 8-ல் தொடங்கும். கையில் இன்னும் 8 புள்ளி தருவார்கள், இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம். வலுவை ஏற்றினால் கனமான ஆயுதம் தூக்கலாம், ஆனால் வீச்சு குறி தவறும். சுறுசுறுப்பை ஏற்றினால் குறி தப்பாது, ஆனால் இரண்டு அடியில் ஆள் காலி. பகடைக்கு இங்கே வேலையே இல்லை. இதே யோசனையை 1981-ல் 'சாம்பியன்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டு பெரிதாக விரித்தது. 1986-ல் ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' 100 புள்ளியைக் கையில் கொடுத்து, போய்க் கடையில் வாங்கிக்கொள் என்றது.

கடை என்று சும்மா சொல்லவில்லை. 'டி அண்ட் டி'-யின் 2014 பதிப்புப்படி, 27 புள்ளி தருவார்கள். எல்லா எண்ணும் 8-ல் தொடங்கும். 13 வரை ஏற்ற ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. அதற்கு மேல் விலை ஏறும்: 14-க்கு மொத்தம் 7, 15-க்கு 9. 15-க்கு மேல் விற்பனைக்கே இல்லை. நினைத்துப் பார்த்தால் கறாரான மளிகைக் கடைதான். கணக்குப் போடச் சோம்பேறித்தனம் என்றால் ரெடிமேடாக 15, 14, 13, 12, 10, 8 என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. விலையைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் சரியாக 27 புள்ளிதான். 'அட்வெஞ்சரர்ஸ் லீக்' என்று ஊர் ஊராக நடக்கும் அதிகாரபூர்வ ஆட்டங்களில் உருட்டவே விடமாட்டார்கள், இந்த இரண்டில் ஒன்றுதான். முன்பின் தெரியாத ஆறு பேர் ஒரே மேஜையில் உட்காரும் இடத்தில், 'வீட்டில் உருட்டினேன், நாலு 18 விழுந்தது' என்று ஒருவர் வந்து நின்றால் யார் நம்புவது?

நியாயம் என்ற கணக்கில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும்போது எல்லோரும் புத்திசாலியாகத்தான் வாங்குவார்கள். சண்டைக்காரனுக்கு வலு 15, உடல்திடம் 15. வசீகரம் எதற்கு, அது 8-லேயே கிடக்கட்டும். இப்படிக் கைவிடப்படும் எண்ணுக்கு 'டம்ப் ஸ்டாட்' என்று பெயரே இருக்கிறது. ஐந்து கேம்பெய்ன், ஐந்து சண்டைக்காரர்கள், ஐந்து பேரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசத் தெரியாதவர்கள்.

'கர்ப்ஸ்' வகை விளையாட்டுகளில் இன்னொரு சந்து உண்டு. குறைகளை வாங்கினால் புள்ளி திரும்பக் கிடைக்கும். ஒரு கண் இல்லை, குடிப்பழக்கம், உயரம் என்றால் பயம். 'கர்ப்ஸ்'-ன் பழைய பதிப்புகளில் 40 புள்ளி வரை இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம். நகையை அடகு வைத்துப் பைக் வாங்குவது மாதிரிதான் இது. வட்டி கட்டும் நாள் வரும்போது, அதாவது கதை ஒரு மலை உச்சிக்குப் போகும்போது, 'என் ஆளுக்கு உயரம் என்றால் பயம் என்று எழுதியிருந்தேனா?' என்று பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம். 1977-ல், 'மெலே' வந்த அதே வருஷம், மார்க் மில்லர் எழுதி 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டு வந்தது. இதில் கேரக்டரை உருவாக்குவதே ஒரு சூதாட்டம். ஆறு எண்களை இரண்டிரண்டு பகடையால் வரிசையாக உருட்டுவீர்கள். அதுவரை பழசுதான். அதன் பிறகு 18 வயதில் உங்கள் ஆளை ஒரு வேலையில் சேர்த்துவிட வேண்டும். கடற்படை மாதிரி விண்படை, தரைப்படை, வணிகக் கப்பல், இப்படி ஆறு வழி. நான்கு வருஷத்துக்கு ஒரு டெர்ம். ஒவ்வொரு டெர்மிலும் ஏதாவது திறமை கற்பான். ஆனால் அதற்கு முன் அந்த நான்கு வருஷத்தில் உயிரோடு இருந்தானா என்று உருட்ட வேண்டும். தவறினால் செத்தான். விளையாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளைப் போட்டே பார்ப்போம். வலு 6, சுறுசுறுப்பு 9, தாங்கும் சக்தி 8, புத்தி 10, கல்வி 7, சமூக அந்தஸ்து 5. சாதாரண வீட்டுப் பெண், கூர்மையான புத்தி. பெரிய இடத்துப் பிள்ளைகள் போகும் இடத்துக்கு இவள் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்கவுட் வேலையில் சேர்க்கிறேன். பெயர் தெரியாத கிரகங்களுக்கு முதலில் போய்ப் பார்க்கும் வேலை. சேர்வதற்கு 7 வேண்டும், புத்திக்காக ஒன்று கூடும். 8 விழுந்தது, சேர்ந்துவிட்டாள். உயிர் பிழைக்கவும் 7 வேண்டும். தாங்கும் சக்தி 9 இருந்திருந்தால் இரண்டு புள்ளி கூடியிருக்கும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 83. இவளுக்கு 8. ஒரே ஒரு எண் குறைவு; வாய்ப்பு 58.

முதல் டெர்ம், 9 விழுந்தது. பிழைத்தாள். வயது 22. இங்கேயே நிறுத்தலாம். ஆனால் வேலையை விட்டு வரும்போது டெர்முக்கு ஒரு தடவை பரிசுக்கு உருட்டலாம், அதில் 6 விழுந்தால் ஓட்டிக்கொள்ள ஒரு சிறிய கப்பலே கிடைக்கும். ஒரு உருட்டல் போதுமா? இன்னொரு டெர்ம் போகட்டும். 7 விழுந்தது. மயிரிழை. வயது 26. அந்த நான்கு வருஷத்தில் என்ன நடந்தது என்று விதி சொல்லவில்லை. நானே ஏதோ ஒரு கிரகத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோன கதையை யோசித்துக்கொண்டேன். இரண்டு உருட்டல் கையில் இருக்கிறது. இப்போது எழுந்துவிடுவது புத்திசாலித்தனம். ரம்மி ஆடுகிறவர்களுக்குத் தெரியும், 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று சொல்லும் நேரம் இது. மூன்றாவது டெர்ம். 5.

தாளைக் கிழித்துப் போட்டேன். கால் மணி நேரம்கூடத் தெரியாத பெண்ணுக்காக உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இங்கே பகடையும் தேர்வும் மாறி மாறிப் பேசுகின்றன என்பதைக் கவனியுங்கள். பகடை ஏதோ சொல்லும், நீங்கள் 'போதும்' என்பீர்கள் அல்லது 'இன்னும்' என்பீர்கள், மறுபடி பகடை. மூன்றாவது டெர்ம் போனது அவள் தலையெழுத்து இல்லை, என் பேராசை. தானாக வந்தவளாக இருந்தும் அவள் என்னுடையவள் ஆனது அந்தப் பேராசையால்தான். சாவு ரொம்பக் கடுமை என்று பிற்காலப் பதிப்புகள் அதைக் காயமாகவும் வேலை போனதாகவும் தளர்த்திவிட்டன. நடைமுறைக்கு அது நல்லதுதான். இருந்தாலும் அந்த 'இன்னும் ஒன்று' என்ற படபடப்புக்கு உயிர் பணயமாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பழைய ஆள் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

வேறு சில விளையாட்டுகள் வேறு குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்தன. 'வார்ஹாமர்' ரோல்பிளே 1986 முதலே உங்கள் தொழிலையும் உருட்டச் சொல்கிறது. மாவீரன் ஆகலாம் என்று வந்தால் எலி பிடிக்கிறவன் ஆகிவிடுவீர்கள், கூட ஒரு சின்ன, ஆனால் மூர்க்கமான நாய். 2018-ல் வந்த நான்காம் பதிப்பு இதில் ஒரு நேர்த்தியான காரியம் செய்தது. தொழிலுக்கு உருட்டி முதலில் விழுந்ததை அப்படியே ஏற்றால் 50 அனுபவப் புள்ளி இனாம். இன்னும் இரண்டு உருட்டி மூன்றில் ஒன்றை எடுத்தால் 25. 'எனக்கு இதுதான் வேண்டும்' என்று நீங்களே தேர்ந்தெடுத்தால் ஒன்றும் கிடையாது. யாரையும் வற்புறுத்தவில்லை, பிடிவாதத்துக்கு ஒரு விலை வைத்தார்கள், அவ்வளவுதான். எலி பிடிப்பவனை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு, மூன்றாவது வாரம் அந்த நாய்க்காக உயிரைவிடத் தயாராக இருக்கும் ஆட்டக்காரர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

2012-ல் வந்த 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்' பழைய 3டி6 வரிசை உருட்டலை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் ஆளுக்கு ஒன்று இல்லை, மூன்று நான்கு. எல்லோரும் விவசாயி, கசாப்புக்காரர், கக்கூஸ் குழி அள்ளுபவர் என்று சாதாரண ஜனங்கள். மொத்தக் கூட்டத்தையும் முதல் ஆட்டத்தில் குகைக்குள் அனுப்புவார்கள். யார் மிஞ்சுகிறார்களோ அவர்தான் உங்கள் கேரக்டர். நல்ல எண் உள்ளவன் முதல் அறையிலேயே போய்விடுவதும், எதற்கும் ஆகாதவன் கடைசிவரை தப்பிப்பதும் சகஜம். அப்படித் தப்பித்தவனை மட்டமான எண்ணுக்காக யாரும் வெறுத்து நான் பார்த்ததில்லை. 'இன்டு தி ஆட்' என்ற சின்ன விளையாட்டோ, எண்கள் மோசமாக விழுந்தவருக்கு நல்ல சாமான்களைக் கொடுத்துச் சரிக்கட்டுகிறது. தேர்வுப் பக்கத்தின் மறுகோடியில் 2010-ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இருக்கிறது: ஒவ்வொரு தொழிலுக்கும் தயாராக நான்கு எண் வரிசை அச்சடித்திருக்கும், ஒன்றை டிக் அடித்தால் ஆயிற்று. கடைக்குப் போகும் அலுப்பும் இல்லை.

புதிதாக ஆட்டம் தொடங்குகிறவர்கள் எந்த முறை நல்லது என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, எத்தனை வாரம் ஆடப்போகிறீர்கள் என்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 3டி6, வரிசையாக. யாருக்கு என்ன விழுந்தாலும் சிரிப்புதான் மிச்சம், சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் செத்தும் விடுவார்கள். ஆறு மாதம் என்றால் எண்களை மட்டுமாவது சமமாக வையுங்கள். பிறந்த ஊர், பழைய பகை, கையில் இருக்கும் சாமான் போன்றவற்றைப் பகடைக்கு விடுங்கள். அவை ஆளுக்கு நிறம் கொடுக்கும், யாரையும் தீப்பந்தம் பிடிக்க அனுப்பாது. அப்புறம், மனதில் ஏற்கெனவே ஒரு கேரக்டரோடு வருகிறவரின் கையில் பகடையைத் திணிக்காதீர்கள். அவர் அதைத் திரும்பத் திரும்ப உருட்டித் தன் ஆளைக் கொண்டுவந்துவிடுவார், அதற்கு நேராகவே கொடுத்துவிடலாம். எதுவும் தோன்றாமல் காலித் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பகடை வரம். 'என்ன வேண்டுமானாலும் செய்' என்று சொன்னால் அவர் இன்னும் உறைந்துபோவார்; 'உன் ஆளுக்கு விவேகம் 5' என்று சொல்லிப் பாருங்கள், உடனே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் மேஜையில் இப்போது ஓடும் ஒரு வழி இருக்கிறது. தீப்பந்தம் சம்பவத்துக்குப் பிறகு பழக்கமானது. சீட்டுக்கட்டிலிருந்து ஸ்பேட், ஹார்ட், டைமன் மூன்றிலும் ஏஸ் முதல் 6 வரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18 சீட்டு. ஏஸ் என்றால் 1. நன்றாகக் கலைத்து மூன்று மூன்றாக ஆறு குவியல் போடுங்கள். ஒவ்வொரு குவியலின் கூட்டுத்தொகையும் வரிசையாக ஒரு எண். மூன்று பகடை உருட்டியது மாதிரியே 3-லிருந்து 18 வரை எது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் 18 சீட்டும் எப்படியும் மேஜையில்தான் இருக்கின்றன. ஆறு எண்ணையும் கூட்டினால் யாருக்கும் 63-தான். ஒரு இடத்தில் அள்ளிக் கொடுத்தால் இன்னொரு இடத்தில் பிடுங்கித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் பலசாலிகள் வேண்டுமென்றால் ஏஸ் மூன்றையும் எடுத்துவிட்டு, நான்காவது வகையிலிருந்து ஒரு 4-ஐயும், 4 என்று எழுதிய வேறு இரண்டு சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 72 ஆகிவிடும்.

இப்போதே ஒரு கை போட்டேன். 6, 5, 3. 1, 2, 4. 5, 5, 1. 6, 4, 3. 2, 3, 1. கடைசியாக 6, 4, 2. வலு 14, புத்தி 7, விவேகம் 11, உடல்திடம் 13, சுறுசுறுப்பு 6, வசீகரம் 12. கதவை உடைக்க இவனைக் கூப்பிடலாம். உடைத்துவிட்டு உள்ளே நுழையும்போது நிலைப்படி தடுக்கி விழுவான். விழுந்து எழுந்து அவன் அசடு வழியச் சிரிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கும் கோபம் வராது. பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.